ஆர்.வி.யில் தண்ணீர் கசிகிறதா? ஈரம் வரும் நேரத்தைப் பாருங்கள்

எங்கள் ஆர்.வி. ஒரு டிரெய்லர்; சமையலறை, கழிப்பறையோடு பயணம் போகும் வீட்டு வண்டி. அதன் கட்டிலுக்கு அடியில் முதன்முதலாக ஈரத்தைக் கண்டபோது, மழைதான் உள்ளே இறங்குகிறது என்று முடிவு கட்டினேன். இரண்டு வார இறுதிகளில் கூரைமேல் ஏறி, பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிய பூச்சுப் போட்டேன். ஈரம் நிற்கவில்லை. உண்மையில் ஒழுகியது கட்டிலிலிருந்து நான்கு அடி தள்ளி, வெளிச்சுவரில் பதித்திருந்த வெளிக்குளியல் குழாயின் பின்புறம். முந்தைய குளிர்காலத்தில் அதற்குள் தங்கிய ஒரு மிடறு தண்ணீர் உறைந்து, பிளாஸ்டிக் உடலில் மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. வண்டியின் முன்பக்கம் சற்றுத் தாழ்ந்து நின்றதால் தண்ணீர் தரைப்பலகைமேல் ஊர்ந்து கட்டிலடிக்கு வந்து சேர்ந்தது. பம்ப் ஓடும் நாள்களில் மட்டுமே ஈரம் வந்தது; மழையே இல்லாத வாரத்திலும் வந்தது. இந்த இரண்டையும் முதலிலேயே கவனித்திருந்தால் கூரையைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை.

அன்றிலிருந்து யார் என்னிடம் கேட்டாலும் முதலில் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஈரம் எப்போது வருகிறது? பம்ப் ஓடும்போதா, பாத்திரம் கழுவிய பிறகா, மழைக்குப் பிறகா, ஹீட்டர் சூடேறும்போதா? ஆர்.வி.யில் தண்ணீர் தெரியும் இடம் பெரும்பாலும் ஏமாற்றும். கம்பி போகும் துளை, சட்டத்தின் ஓரம், தரை விரிப்பின் அடிப்பக்கம் என்று கிடைத்த வழியிலெல்லாம் அது பயணம் செய்யும். ஆனால் அது வரும் நேரம் ஏமாற்றாது.

ஒத்திப்போடவும் கூடாது. வீட்டில் பைப் ஒழுகினால் கான்கிரீட் தாங்கும். ஆர்.வி.யில் இருப்பதோ மெல்லிய மரச்சட்டமும் ஒட்டுப்பலகைத் தரையும். ஊறிய பலகையில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கிவிடக்கூடும்.

முதலில் பத்து நிமிடம்: எந்தத் தண்ணீர்?

ஆர்.வி.க்குள் நான்கு வகைத் தண்ணீர் உண்டு. பம்போ, வண்டியை நிறுத்தித் தங்கும் பூங்காவின் குழாயோ தள்ளிக் கொண்டுவரும் அழுத்தத் தண்ணீர். தொட்டியை நோக்கித் தானாக இறங்கும் கழிவுத் தண்ணீர். வெளியிலிருந்து நுழையும் மழை. காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் வியர்ப்பது. எதையும் கழற்றுவதற்கு முன் இவற்றில் எது என்று தெரிந்தாக வேண்டும்.

ஈரம் மின்மாற்றிப் பெட்டிக்கோ மின்கம்பிகளுக்கோ அருகில் இருந்தால், பூங்காவின் மின் இணைப்பை முதலில் துண்டித்துவிடுங்கள். பம்ப் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். சோதனைக்கு அது போதும். வாட்டர் ஹீட்டரையும் அணைத்து ஆறவிடுங்கள். சூடான தண்ணீர் ஆறும்போது சுருங்கி அழுத்தம் குறையும். அதனால் கசிவே இல்லாமல்கூட பம்ப் ஒருமுறை ஓடி, உங்களைத் தவறான பாதையில் அனுப்பிவிடும்.

இப்போது பூங்காவின் ஹோஸைக் கழற்றிவிட்டு, எல்லாக் குழாய்களையும் மூடி, பம்பைப் போடுங்கள். பெரும்பாலான ஆர்.வி. பம்ப்கள் அழுத்தம் சுமார் 45 முதல் 55 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) வந்ததும் தானாக நின்றுவிடும். நின்ற பிறகு அரைமணி நேரம் வானொலியையும் குளிர்சாதனத்தையும் அணைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். இடையில் பம்ப் ‘டுர்ர்’ என்று ஒரு கணம் ஓடி நின்றாலும், அழுத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். கீழே வரும் முதல் அறிகுறிக்குப் போங்கள். பம்ப் வாய் திறக்கவே இல்லையென்றால் அழுத்தப் பைப்புகளைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். கழிவுப் பக்கத்தையோ மழையையோ பாருங்கள்.

குழாய் எதுவும் திறக்காமலே பம்ப் அவ்வப்போது ஓடுகிறது

காரணம் இரண்டில் ஒன்று. அழுத்தப் பைப்பில் எங்கோ கசிவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பம்பின் உள்ளே, தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு தேய்ந்தோ அதில் தூசி சிக்கியோ, ஏற்றிய அழுத்தம் நல்ல தண்ணீர்த் தொட்டிக்கே திரும்பிப் போக வேண்டும். இரண்டாவது நிலையில் எங்கும் ஒரு சொட்டு ஈரமும் இருக்காது. மனிதர்கள் நாள்கணக்கில் பலகைகளைக் கழற்றித் தேடுவது இதனால்தான். ஆகவே முதலில் இந்த இரண்டையும் பிரியுங்கள்.

பூங்காவில் தண்ணீர் இணைப்பு இருந்தால் வேலை எளிது. பம்பை அணைத்து, ஹோஸை மாட்டி, தொட்டியின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியின் நிரப்பு வால்வு மூடியிருந்தும், ஓரிரு மணி நேரத்தில் தொட்டி தானாக நிறையத் தொடங்கினால் பம்பின் வால்வுதான் குற்றவாளி. ஆனால் ஒன்டாரியோவின் மாகாணப் பூங்காக்களில் பெரும்பாலான இடங்களில் மின்சாரம் கிடைக்குமே தவிர, நிறுத்துமிடத்தில் தண்ணீர் இணைப்பு இருக்காது. தொட்டியை நிரப்பிக்கொண்டுதான் போக வேண்டும். அப்படிப்பட்ட பயணங்களுக்காகவே பம்பிலிருந்து வெளியேறும் பைப்பில் கைக்கு அடக்கமான ஓர் அடைப்பு வால்வைப் பொருத்தி வைத்திருக்கிறேன். பம்ப் அழுத்தம் ஏற்றி நின்றதும் அந்த வால்வை மூடி, பம்பையும் அணைத்துவிடுவேன். அரைமணி கழித்து ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் சட்டென்று பீறிட்டு அடங்கினால், பைப்புகள் அழுத்தத்தைக் காத்திருக்கின்றன, பழுது பம்பில். திறந்ததும் சோம்பலாக வழிந்தால் அழுத்தம் ஏற்கனவே எங்கோ கசிந்து போய்விட்டது. சில டாலர் விலையுள்ள வால்வு இது. புதிதாக ஆர்.வி. வாங்கும் எல்லோருக்கும் இதை முதல் வேலையாகச் சொல்கிறேன்.

பம்பின் வால்வுதான் என்று தெரிந்தால், முன்னால் இருக்கும் வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்கள். தொட்டி செய்தபோது உள்ளே விழுந்த பிளாஸ்டிக் சீவல்கள் முதல் பருவங்களில் அங்கே வந்து சேர்வது சாதாரணம். அதன் பிறகும் நிற்காவிட்டால், பல மாதிரிகளில் பம்பின் தலைப்பகுதியை மட்டும் தனியாக வாங்கி மாற்ற முடியும்.

கசிவு பைப்பில் என்று தெரிந்தால், பாதியாக வெட்டித் தேடுங்கள். ஹீட்டரின் பின்னால் மூன்று வால்வுகள் இருந்தால், ஹீட்டருக்குள் குளிர்நீர் நுழையும் வால்வையும் சுற்றுவழி வால்வையும் மூடிவிடுங்கள். சுடுநீர்ப் பக்கம் முழுவதும் பம்பிலிருந்து துண்டிக்கப்படும். இதன் பிறகு பம்ப் அமைதியானால் கசிவு சுடுநீர்ப் பக்கத்திலோ ஹீட்டரிலோ இருக்கிறது. தொடர்ந்து ஓடினால் குளிர்நீர்ப் பக்கத்தில். ஒரு எச்சரிக்கை: வெளிக்குளியலின் இரு திருகுகளும் திறந்தே இருந்து, கைப்பிடியில் மட்டும் நிறுத்தியிருந்தால் குளிர்நீரும் சுடுநீரும் அங்கே கலந்து இந்தச் சோதனையைக் கெடுத்துவிடும். ‘எல்லாக் குழாயிலும் வெதுவெதுப்பாகவே வருகிறது’ என்ற புகாருக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். இரு திருகுகளையும் இறுக மூடுங்கள்.

பிறகு காகிதக் கைக்குட்டை. வெண்மையான, உலர்ந்த தாளை ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் சுற்றி வையுங்கள். விரல் நுனிக்குத் தெரியாத ஈரம் தாளில் தெரியும். நான் போகும் வரிசை: கழிப்பறையின் பின்புற வால்வு, வெளிக்குளியல், ஹீட்டரின் பின்பக்கம், பம்பின் இரு முனைகள், சமையல் தொட்டியின் அடி, குளியல் குழாயின் பின்னால் உள்ள சிறு கதவு, கடைசியாக வண்டிக்கு அடியில் தொங்கும் வடிகுழாய்களின் மூடிகள். குளிர்காலம் கடந்த வண்டியில் முதல் இரண்டிலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடுகிறது. கோடைப் பயணத்தின் நடுவே தொடங்கிய கசிவானால், கையால் திருகும் பிளாஸ்டிக் நட்டுகளை முதலில் சந்தேகியுங்கள். கரடுமுரடான சாலை அவற்றைத் தளர்த்திவிடும்.

எதுவும் ஈரமாகவில்லையென்றால் எலியை நினைத்துக்கொள்ளுங்கள். வளையக்கூடிய பிளாஸ்டிக் பைப்பான பெக்ஸை எலி கடிக்கும். அது பெரும்பாலும் பலகைக்குப் பின்னால், இணைப்பே இல்லாத இடத்தில்தான் நடக்கும்.

பம்ப் நிற்கவே இல்லை. குழாயில் காற்றும் தண்ணீரும் மாறி மாறித் துப்புகிறது

ஓர் இரவு பதினொரு மணிக்கு நண்பர் ஒருவரின் தம்பி பூங்காவிலிருந்து அழைத்தார். “அண்ணா, தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கிறது, ஆனால் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கும் ஒழுகவில்லை.” எங்கும் ஒழுகவில்லை என்ற அந்தச் சொல்லே காரணத்தைச் சொல்லிவிட்டது. பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் விரிசல் இருந்தால் பம்ப் ஓடும்போது தண்ணீர் வெளியே வராது. காற்று உள்ளே போகும். பம்பை அணைத்துவிட்டு வடிகட்டிக் கிண்ணத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். தொட்டியின் நீர்மட்டம் பம்பைவிட உயரமாக இருந்ததால், அணைத்த பிறகே அங்கே சொட்டத் தொடங்கியது. கிண்ணத்தின் ஓ-ரிங், அதாவது அதை அடைக்கும் ரப்பர் வளையம், மடிந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்து மூடியதும் இரண்டு நிமிடத்தில் பம்ப் நின்றது.

ஓ-ரிங் நலமாக இருந்தால், உறைதடுப்புத் திரவத்தை உறிஞ்சுவதற்கென்று பம்பின் அருகில் இருக்கும் திசைமாற்று வால்வைப் பாருங்கள். இலையுதிர்காலத்தில் திருப்பியதை வசந்தத்தில் திருப்ப மறந்திருந்தால் பம்ப் அந்தச் சிறு குழலிலிருந்து காற்றைத்தான் இழுக்கும்.

பூங்காவின் தண்ணீரை இணைத்ததும் வண்டிக்கு அடியில் ஒழுகுகிறது

வண்டிக்கு அடியில் தெளிந்த தண்ணீர் தாராளமாக ஓடினால், பதறும் முன் நல்ல தண்ணீர்த் தொட்டியின் வழிகுழாயைப் பாருங்கள். தொட்டி நிறைந்து வழிந்தால், நிரப்பு வால்வு திறந்தே இருக்கிறது. அது மூடியிருந்தால் பம்பின் நான்-ரிட்டர்ன் வால்வு வழியாகத் தண்ணீர் தொட்டிக்குள் போகிறது. பம்பிலிருந்து வெளியேறும் பைப்பில் இன்னொரு நான்-ரிட்டர்ன் வால்வைப் போட்டும் சமாளிக்கலாம்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. பம்பில் ஓடும்போது வெளிச்சுவரில் ஹோஸ் மாட்டும் வாயிலிருந்து சொட்டும். அந்த வாயின் உள்ளே இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வின் ரப்பர் இடம் மாறியிருக்கிறது. ஹோஸைக் கழற்றியதும் உள்ளே அழுத்தம் இருக்கும்போதே நடுவிலுள்ள பொத்தானை அழுத்துகிறவர்களுக்கு இது நேர்கிறது. ரப்பர் அந்த வேகத்தில் பிதுங்கிவிடும். முதலில் உள்ளே ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

பூங்காத் தண்ணீரில் மட்டுமே தோன்றும் கசிவுக்கு மூலகாரணம் பெரும்பாலும் அழுத்தம். சரிவின் அடியில் இருக்கும் பூங்காக்களில் இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு அழுத்தம் ஏறும். 40 முதல் 50 பிஎஸ்ஐக்குள் நிறுத்தும் அழுத்தக் குறைப்பானை வாங்கி, வண்டியின் பக்கம் வைக்காமல் பூங்காவின் குழாயிலேயே மாட்டுங்கள். அப்போதுதான் ஹோஸும் காக்கப்படும். அளவுமானி உள்ள பித்தளைக் குறைப்பானையே பரிந்துரைக்கிறேன். பென்சில்போல நீண்ட மலிவான வகை தண்ணீரின் ஓட்டத்தையும் நெரித்துவிடுகிறது.

ஹீட்டரின் வெளிக்கதவில் தண்ணீர் வடிகிறது

சூடேறும்போது மட்டும் மேல் வால்விலிருந்து சொட்டினால் பெரும்பாலும் பழுதில்லை. அந்த வால்வு 150 பிஎஸ்ஐ அழுத்தத்திலோ 210 பாரன்ஹீட் வெப்பத்திலோ திறக்கும் பாதுகாப்பு வால்வு. தண்ணீர் சூட்டில் விரிவதற்கு இடம் தர, தொட்டியின் மேற்பகுதியில் கொஞ்சம் காற்று தங்கியிருக்கும். அந்தக் காற்று காலப்போக்கில் தண்ணீரில் கரைந்து போனதும், விரிவதற்கு இடமின்றி வால்வு சொட்டும்.

காற்றைத் திரும்ப வைப்பது எளிது. ஹீட்டரை அணைத்து முழுவதும் ஆறவிடுங்கள். இதில் அவசரம் கூடாது, கொதிநீர் கையைச் சுட்டுவிடும். பம்பையும் பூங்காத் தண்ணீரையும் நிறுத்துங்கள். உள்ளே ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்துவையுங்கள். பாதுகாப்பு வால்வின் நெம்பை நேராக இழுத்து, தண்ணீர் வருவது தானாக நிற்கும்வரை பிடித்திருங்கள். நின்றதும் நெம்பை விட்டால் அது சட்டென்று மூடிக்கொள்ளும். குழாயை மூடி, தண்ணீரைத் திறங்கள். இதன் பிறகும் ஆறிய நிலையிலேயே சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் அந்த வால்வை அடைக்காதீர்கள். அடைத்த ஹீட்டர் வெடிக்கக்கூடும்.

கீழ்த் திருகிலிருந்து சொட்டினால், மேலே சொன்னபடி ஹீட்டரை ஆறவிட்டு அழுத்தத்தை இறக்கிய பிறகு திருகைக் கழற்றி, புரிகளைத் துடைத்து, டெஃப்லான் டேப் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி மாட்டுங்கள். எஃகுத் தொட்டியானால் அந்தத் திருகோடு அரிமானத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் ஒரு கோல் இருக்கும். முக்கால் பங்கு கரைந்திருந்தால் புதிது போடுங்கள். அலுமினியத் தொட்டியானால் பிளாஸ்டிக் திருகு வந்திருக்கும். அதற்குப் பதிலாகப் பித்தளையோ எஃகோ போடாதீர்கள். தொட்டியின் மென்மையான புரிகள் கெட்டுவிடும். தொட்டியின் உடலே துருவேறிக் கசிந்தால் ஒட்டுப்போட வழியில்லை. ஹீட்டரையே மாற்றியாக வேண்டும்.

தொட்டியை வடித்திருக்கும்போது ஹீட்டரின் மின்பொத்தான் அணைந்திருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். தண்ணீரில்லாமல் மின்கம்பிச் சுருள் சில நொடிகளில் எரிந்துவிடும்.

கழிப்பறையைச் சுற்றி ஈரம்

தெளிந்த தண்ணீரா, நாற்றமுள்ளதா என்பதை முதலில் பாருங்கள். பம்ப் போட்டிருக்கும் நேரமெல்லாம் தெளிந்த தண்ணீர் பின்புறத்திலிருந்து வந்தால் நீர் வால்வு வெடித்திருக்கிறது. குளிர்காலத்தின் முதல் பலி பெரும்பாலும் அதுதான். மிதியை அழுத்தும்போது மட்டும் மேலிருந்து தெறித்தால், கோப்பையின் பின்னால் இருக்கும் வெற்றிடத் தடுப்பான். இரண்டும் தனிப்பாகங்களாகக் கிடைக்கும். கழிப்பறையையே மாற்றச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மிதித்த பிறகு அடிப்பகுதியில் நாற்றத்தோடு ஈரம் தெரிந்தால் தரையோடு சேரும் ரப்பர் வளையம் அமுங்கிப் போயிருக்கிறது. கழற்றி மாற்றும்போது இரு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒருபக்கமாக இறுக்கினால் அடித்தட்டு பிளந்துவிடும். கோப்பையில் வைத்த தண்ணீர் காலைக்குள் இறங்கிவிடுவது தரைக்கு வரும் கசிவல்ல. அது திறந்து மூடும் தட்டின் விளிம்பில் படிந்த அழுக்கு. பழைய பல்துலக்கியால் விளிம்பைச் சுற்றிலும் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பாத்திரம் கழுவிய பிறகோ குளித்த பிறகோதான் ஈரம்

பம்புக்கு இதில் வேலையில்லை. சமையல் தொட்டியின் துளையை அடைத்து, தண்ணீரை நிரப்பி, அடியில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். சிறு ஓட்டத்தில் ஒளிந்திருக்கும் கசிவு பெருவெள்ளத்தில் வெளிப்பட்டுவிடும். வளைகுழாயின் நட்டுகள் பயணத்தில் தளர்ந்திருக்கும். கையால் இறுக்கினாலே போதும். இறுக்கியும் சொட்டினால் வாஷரைப் பாருங்கள். சரிந்த பக்கம் இணைப்புக்குள் போக வேண்டும், தட்டையான பக்கம் நட்டைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்ட வாஷரை எத்தனை இறுக்கினாலும் அது கசியும்.

குளியல் தட்டில் ஈரம் வந்தால் இரண்டாகப் பிரித்துச் சோதியுங்கள். முதலில் தட்டின் துளையை அடைத்து இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்தி அரைமணி காத்திருங்கள். பிறகு சுவர் ஓரங்களில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். முதலில் ஈரம் வந்தால் துளையின் சுற்றுவளையம் அல்லது தட்டின் விரிசல். இரண்டாவதில் வந்தால் மூலைகளின் சிலிக்கோன். பழைய சிலிக்கோன்மேல் புதியதைப் பூசாதீர்கள், அது ஒட்டாது. முழுவதும் சுரண்டி எடுத்து, துடைத்து, உலர்ந்த பின் பூச வேண்டும்.

குளியல் தட்டிலேயே அழுக்குத் தண்ணீர் மேலேறி வந்தால் அது கசிவல்ல. கழுவுநீர்த் தொட்டி நிறைந்துவிட்டது. வண்டியின் துளைகளில் தாழ்வானது குளியல்தான் என்பதால் அங்கே முதலில் தெரிகிறது.

வண்டியின் வயிறு தொங்குகிறது

அடியில் கறுப்பு நெளிபிளாஸ்டிக் அட்டையால் மூடிய வண்டிகளில், ஒழுகிய தண்ணீர் அட்டையின்மேல் தேங்கி வயிறுபோலத் தொங்கும். நேராக அடியில் படுத்துக்கொண்டு கத்தியை வைக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நாற்பது லிட்டர் தேங்கியிருந்தால் நாற்பது கிலோ முகத்தில் இறங்கும். கண்ணாடி, கையுறை அணிந்து, பக்கவாட்டில் இருந்தபடி தாழ்வான இடத்தில் சிறு துளையிட்டு வடியவிடுங்கள். வடிந்த பிறகு மூன்று பக்கம் வெட்டிக் கதவுபோல மடக்கிப் பாருங்கள். வேலை முடிந்ததும் தண்ணீர்புகா ஒட்டுநாடாவால் மூடலாம்.

எந்தத் தொட்டி ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால், சமையல் வண்ணப்பொடியைப் பயன்படுத்துங்கள். கழுவுநீர்த் தொட்டியில் சிவப்பு, கழிவறைத் தொட்டியில் பச்சை. சொட்டும் நிறம் விடை சொல்லும். தொட்டியின் உடலைவிட, பைப் நுழையும் இடத்து ரப்பர் வளையத்தில்தான் அதிகம் கசியும். உடலிலேயே விரிசல் விட்டிருந்தால் அது எந்தப் பிளாஸ்டிக் என்று பார்க்க வேண்டும். ஏபிஎஸ் தொட்டியை அதற்குரிய பசையால் ஒட்டலாம். பாலிஎத்திலீன் தொட்டியில் பசை பிடிக்காது. சூடாக்கி உருக்கி ஒட்டும் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கழிவு வெளியேற்றும் வாயின் மூடியைத் திறந்ததும் ஒரு குவளை வழிந்தால், இழுவை வால்வின் ரப்பரில் காகிதம் சிக்கியிருக்கிறது. தொட்டியை நன்றாக அலசிவிட்டு வால்வைப் பலமுறை திறந்து மூடுங்கள். நிற்காவிட்டால் நான்கு போல்ட்களைக் கழற்றி ரப்பர்களை மாற்றலாம். தொட்டி காலியாக இருக்கும் நாளில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

பம்ப் அமைதி, துளைகள் சுத்தம், ஆனாலும் சுவர் உப்புகிறது

இப்போது மழை. எல்லாத் தண்ணீரையும் வடித்துவிட்டு, ஈரமான இடத்தை உலர்த்தி, ஒரு நல்ல மழை வரும்வரை வண்டியைத் தொடாமல் விடுங்கள். மழைக்குப் பிறகு ஈரம் வந்தால் கூரையின் காற்றுத்துளைகள், ஜன்னல் சட்டங்கள், ஓரப் பட்டைகள் ஆகியவற்றைப் பாருங்கள். மழையும் இல்லை, பம்பும் இல்லை, குளிர்ந்த இரவுகளுக்குப் பிறகு மட்டும் ஈரம் என்றால் அது வியர்வை. மெத்தையின் அடியிலும் அலமாரிகளின் பின்னாலும் காற்று போக இடம்விட்டால் குறையும்.

ஒட்டுவது எப்படி

இப்போதைய ஆர்.வி.க்களில் பெரும்பாலும் அரை அங்குல பெக்ஸ் பைப். 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய வண்டியாக இருந்து, சாம்பல்நிறப் பைப்பின்மேல் ‘பிபி2110’ என்று அச்சிட்டிருந்தால் அது பாலிபியூட்டிலீன். பெக்ஸ் இணைப்பை அதன்மேல் நேராக மாட்டாதீர்கள்; இரண்டையும் சேர்ப்பதற்கென்றே உள்ள இணைப்பைக் கேட்டு வாங்குங்கள்.

விரிசல் விட்ட துண்டை நேர்க்கோட்டில் வெட்டி எடுங்கள். சாய்வான வெட்டு அடுத்த கசிவுக்கு வித்து. இடம் நெருக்கமான மூலைகளில் செம்பு வளையத்தைவிட, ஒரு காது உள்ள எஃகு வளையம் வசதி. கருவி ஒரு பக்கத்திலிருந்து எட்டினாலே போதும். வளையம் பைப்பின் முனையிலிருந்து 3 முதல் 6 மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும். பயணத்தின் நடுவே என்றால் அழுத்திச் செருகும் பித்தளை இணைப்பு கைகொடுக்கும். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று பைப்பில் பேனாவால் கோடு போட்டுவிட்டுச் செருகுங்கள். பாதியில் நின்றது தெரியாமல் விட்டால் நெடுஞ்சாலையில் கழன்றுவிடும்.

குழாய்களின் அடியில் இருக்கும் சுழல் நட்டுகளில் டெஃப்லான் டேப் வேண்டாம். அங்கே நீரை அடைப்பது உள்ளே இருக்கும் கூம்பு வாஷர். டேப் அதற்கு உதவாது. கையால் இறுக்கி, கூடுதலாகக் கால் சுற்று. அதற்குமேல் ஸ்பானரைப் போட்டால் பிளாஸ்டிக் வெடிக்கும். முனையை நோக்கி ஒடுங்கும் சரிவுப்புரி உள்ள இணைப்புகளுக்கு மட்டும் டேப்.

இந்தக் கசிவுகளில் பெரும்பகுதி கோடையில் தெரிந்தாலும் பிறப்பது அக்டோபர், நவம்பரில். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். பைப்புகள் சற்று நெகிழ்ந்து தாங்கும். வால்வுகளும் வடிகட்டிக் கிண்ணமும் தாங்காது. வடித்து முடித்த பிறகு புரோப்பிலீன் கிளைக்கால் உள்ள இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தை ஒவ்வொரு குழாயிலும் நிறம் வரும்வரை ஓடவிடுங்கள். வெளிக்குளியலையும் கழிப்பறை மிதியையும் மறக்காதீர்கள். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. குடிநீர்ப் பைப்புக்குள் அது போகவே கூடாது.

பழுது பார்த்ததும் பலகையை உடனே மூட வேண்டாம். பலகைக்குப் பின்னால் வெப்பம் காக்க வைத்திருக்கும் பஞ்சு ஊறினால் மீண்டும் சரியாக உலராது, அதை வெட்டி எறியுங்கள். மின்விசிறியை நாளெல்லாம் ஓடவிட்டு, பலகை தொட்டால் குளிர்ச்சி தெரியாத அளவுக்கு உலரவிடுங்கள். பிறகு புதிய இணைப்பின் அடியில் வெள்ளைத் தாளை வைத்து, பம்பைப் போட்டுவிட்டு, ஹீட்டரை அணைத்து, ஓர் இரவு வண்டியிலேயே படுங்கள். விடியும்வரை பம்ப் ஒருமுறையும் ஓடாமல், தாளும் மொறுமொறுப்பாக இருந்தால் பலகையைத் திருகி மூடலாம்.